மண்டபத்தடிக் குழாயில் வந்த பாட்டு

மண்டபத்தடியில் டைல்ஸ் போடப் போகிறார்கள் என்று நம்மில் ஒருத்தி படம் எடுத்து அனுப்பியதிலிருந்து, நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் யாருக்கும் வேறு பேச்சில்லை. ஒருவருக்குக் கோலி சோடா ஞாபகம் வருகிறது, ஒருவருக்கு வெங்காயப் பக்கோடா. இன்னொருவர் அங்கே குரங்கிடம் பறிகொடுத்த தொப்பியை இந்த வயதிலும் மறக்கவில்லை. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் வெடுக்கென்று ஒரு பதில் போடுகிறவளுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பீர்கள். சொல்ல வேண்டியது ஒரு வரியில் அடங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். காலை வணக்கப் பூங்கொத்துப் படங்களைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் உத்தமம்.

அந்த வருஷம் வைகாசி மாதம்தான் நாங்கள் மண்டபத்தடிக்குக் குடிவந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. அதற்கு முன்னால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஓலை வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் கலாசி என்கிற உதவியாள் வேலை. வேலை நிரந்தரமானதும் கடைத்தெருவிலே வீடு பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாட்டு மருந்துக் கடைக்குப் பின்கட்டில் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் கிடைத்தன. கடைக்காரரின் மனைவிதான் எங்களுக்கு வீட்டுக்காரம்மா.

குடிவந்த அன்று மாலை அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாக மண்டபத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். நான்கு தெருக்கள் வந்து முட்டுகிற அந்த இடம் அன்றைக்கு எனக்குக் கடல் மாதிரி இருந்தது. நடுவில் நாலுகால் மண்டபம். எந்த ராஜா கட்டியது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. தூண்களில் சிங்கங்கள், யானைகள், தேய்ந்துபோன எழுத்துகள். பக்கத்தில் வெள்ளைக்காரன் குதிரைகளுக்காக வைத்த கல்தொட்டி. சுற்றிலும் ஜவுளிக் கடை, வளையல் கடை, எங்கள் வீட்டுக்காரரின் மருந்துக் கடை, கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகப் பித்தளைக் குடங்களைத் தொங்கவிட்ட பாத்திரக் கடை. சுக்கும் திப்பிலியும் புதுத்துணியும் மல்லிகையும் குதிரைச் சாணமும் எல்லாம் கலந்த ஒரு வாசனை. மாமல்லபுரத்து பஸ் வந்து நின்றால் அதன் மேலிருந்து இறங்கும் மீன் கூடைகளின் வாசனை அதையும் மீறி வரும்.

அந்தக் கல்தொட்டியைக் காட்டி அப்பா ஒன்று சொன்னார். அவருடைய அப்பா விறகுச் சுமையோடு இந்த ஊருக்கு வரும்போது தொட்டி வரைக்கும்தான் வரலாம். அதைத் தாண்டுவதென்றால் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும், செருப்பைக் கையில் எடுக்க வேண்டும். சொல்லிவிட்டு அப்பா தன் புதுச் செருப்போடு மண்டபத்தை ஒருமுறை சுற்றி வந்தார். அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் தெரு எது, நாங்கள் என்ன ஆட்கள் என்பதை அப்பா வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை. அச்சரப்பாக்கம் பக்கம், விவசாயக் குடும்பம் என்றார். அதில் பொய்யில்லை. நிலம் யாருடையது என்று அந்தம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அந்த வீடு எங்களுக்கு இல்லை. குடிவந்த பிறகு தெரியவந்தால் மறுநாளே இல்லை. எட்டு வயதிலேயே இது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தம்மாவின் ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போதெல்லாம் அம்மா பேச்சைக் குறைத்துக்கொள்வாள்.

வீட்டுக்காரம்மாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் போட்டுக் கொடுத்து, குடிக்கும் வரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

இனி ரேடியோ ரூமுக்கு வருகிறேன். மண்டபத்துக்குத் தெற்கே வெள்ளையடித்த சின்னக் கட்டடம், அதன் தலைக்கு மேல் கம்பத்தில் சாம்பல் நிறக் குழாய். முனிசிபாலிட்டி ரேடியோ. சாயங்காலமானால் காக்கி அரைக்கைச் சட்டை போட்ட ரேடியோக்காரர் வந்து பூட்டைத் திறப்பார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஜன்னலில் தொற்றினால் ஸ்கேலால் விரலில் ஒன்று வைப்பார். அப்படியும் நாம் தொற்றினோம், எதற்கு? அந்தப் பச்சைக் கண்ணைப் பார்க்கத்தான். ரேடியோவின் நெற்றியில் இருந்த அந்தப் பச்சை விளக்கு பூனைக் கண்போல மெல்ல மெல்ல விரியும். அது விரிகிற வரைக்கும் சத்தம் வராது. நடுவில் கரண்ட் போய்த் திரும்பினாலும் அப்படித்தான். மண்டபத்தடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருக்கும்.

குரல் வந்துவிட்டால் பிறகு கேட்க வேண்டியதில்லை. செய்தி வாசிப்பவர் நான்கு தெருக்களிலும் ஒரே நேரத்தில் நடந்து வருவார். கனத்த குரல் பேசினால் பாத்திரக் கடைக் குடங்களெல்லாம் சேர்ந்து 'ம்ம்ம்' என்று முனகும். ஒரு மனிதக் குரலால் பித்தளையைப் பேசவைக்க முடியுமென்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஆண்கள் மண்டபத்துக்குள் உட்கார்ந்து கேட்பார்கள். கடைத்தெருப் பெண்களுக்குக் கிழக்குப் படிகள். கீரைக்காரிகள், மீன்காரிகள், சூளை வேலை முடித்து வருகிற பெண்கள் எல்லாம் தள்ளி, கல்தொட்டி ஓரம் தரையில் குந்தியிருப்பார்கள். அம்மா வீட்டுக்காரம்மாவுக்குப் பக்கத்தில் படியில் உட்காருவாள். தொட்டிப் பக்கம் மட்டும் அவள் பார்வை போகாது.

ஆவணியில் மாமா வீட்டில் நடவுக்குக் கை போதவில்லை என்று ஆள் வந்தது. தன் அண்ணிகளுக்கு ஒத்தாசையாக அம்மா போனாள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன். அங்கே சேற்றில் நடவு நடந்துகொண்டிருக்கும்போது வரப்போரமாக ஒரு வேன் வந்து நின்றது. ரேடியோ நிலையத்திலிருந்து பாட்டுப் பிடிக்க வந்திருக்கிறார்களாம். காதில் கருப்பாக எதையோ மாட்டிக்கொண்ட ஒருவர், இரண்டு சக்கரங்கள் சுற்றுகிற ஒரு பெட்டியை வரப்பில் வைத்தார். பெட்டியைக் கண்டதும் ஒருத்தியும் பாட முன்வரவில்லை. ஒரு மாமி நாற்று முடியைப் போட்டுவிட்டு ஓடியே போனாள். நகரத்தில் இருப்பவள் நீதான், உனக்கென்ன பயம் என்று எல்லோருமாகச் சேர்ந்து அம்மாவை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அம்மா பாடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அது அவள் வழக்கம். அந்தப் பாட்டு ஏரித் தண்ணீரைக் கூப்பிடுகிற பாட்டு. ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் தண்ணீராக இருந்து பதில் சொல்வார்கள்.

மடை தொறந்து வந்தியா
மண்ணத் தொட்டுப் பாத்தியா

என்று அம்மா கேட்டால், நட்டுக்கொண்டே அத்தனை பேரும்,

வந்தேன் வந்தேன்

என்பார்கள். கேள்விகள் வளர்ந்துகொண்டே போகும். யார் தடுத்தது, எந்த வழியாக வந்தாய், என் காலடிக்கு எப்போது வருவாய். பதில் மட்டும் கடைசி வரை அதேதான். வீட்டில் குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தானே என்று நினைத்துக்கொண்டிருந்த நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். அந்தக் குரல் வயல் முழுக்க நிரம்பி அதற்கு அப்பாலும் போயிற்று. அந்த மனிதர் பெட்டியைத் திருப்பி ஓடவிட்டபோது உள்ளேயிருந்து அதே குரல் வந்தது. அம்மா சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் அவள் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

தீபாவளிக்குப் பட்டாசு வாங்க வந்த மாமா செய்தி கொண்டுவந்தார். வருகிற வெள்ளிக்கிழமை கிராம நிகழ்ச்சியில் பாட்டு வருகிறது. ஊரே பஞ்சாயத்து ரேடியோ முன்னால் கூடப் போகிறதாம். மாமா சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. ரேடியோக்காரன் வெறும் பாட்டை மட்டுமா போடுவான்? பாடினவளின் பெயரைச் சொல்வான், ஊர்ப் பெயரைச் சொல்வான், அதோடு 'காலனி' என்றும் சொல்வான். அந்த ஒரு சொல் மண்டபத்தடிக் குழாயில் வந்துவிட்டால் போதும். மாமா போன பிறகு அப்பா, அம்மாவிடம் கேட்டார்.

"அந்த மெசினாண்ட வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி என்னிய நெனச்சியா?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ரேடியோ ரூமுக்குப் போனார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை ஒருநாள், கிராம நிகழ்ச்சி நேரத்தில் மட்டும் ரேடியோவை நிறுத்திவைக்க முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். காரணம் கேட்டார் ரேடியோக்காரர். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, தன் சம்சாரம் பாடிய பாட்டு வருகிறது, அது இந்த ஊரில் கேட்காமல் இருந்தால் நல்லது என்றார். ரேடியோக்காரர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முனிசிபாலிட்டி டயத்த நான் மாத்த முடியாது. பாட்டு வந்தா போடத்தான் போடுவேன்."

அவ்வளவுதான் பேச்சு. அப்பா திரும்பி நடக்கும்போது, "மனுசனே இல்ல இவன்" என்று பல்லைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமை எங்கேயும் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வீட்டுக்காரம்மா வந்து நின்றார். புடவை எடுக்க வேண்டும், கலர் பார்க்க அம்மா வந்தே ஆக வேண்டும் என்றார். மறுத்தால் ஏனென்று கேட்பார். அம்மா கிளம்பினாள், நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரத்து மண்டபத்தடி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கால் வைக்க இடமில்லை. சுற்றியிருந்த கிராமத்து ஜனமெல்லாம் அங்கேதான். ஜவுளிக் கடையில் கூட்டம் என்று வீட்டுக்காரம்மா கிழக்குப் படியில் வந்து உட்கார்ந்தார். அம்மாவையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே குழாய் பேசிக்கொண்டிருந்தது. உரம், பூச்சி மருந்து, வானிலை. பிறகு அறிவிப்பு வந்தது.

அடுத்து நடவுப் பாடல் என்றது குழாய். அம்மாவின் பெயரைச் சொன்னது, ஊரைச் சொன்னது. காலனி என்று சொன்னது. பித்தளைக் குடங்கள்கூட அதை ஒருமுறை முனகின.

அம்மாவின் குரல் மண்டபத்தடியில் வந்து இறங்கியது. தீப்பெட்டி விற்கிறவனும் பேரம் பேசுகிறவர்களும் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார்கள். நான்கு தெருக்களிலும் ஒரே நேரத்தில் என் அம்மா. பயத்தில் அழுவதா, பெருமையில் குதிப்பதா என்று தெரியாமல் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

வீட்டுக்காரம்மா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"உன் பேரு. நீங்க சொன்ன அச்சரப்பாக்கம் பக்கந்தான்."

அம்மா நிமிரவில்லை. அந்தம்மாவின் முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது. பிறகு அது தெளிந்தது. அம்மாவை இழக்க அவருக்கும் விருப்பமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நீ இங்க குந்திகினு கீற, அவ அங்க மெட்ராஸ்ல பாடிகினு கீறா. நீயா இருக்க முடியாது."

சினிமாப் பாட்டெல்லாம் இசைத்தட்டு என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நடவு நடுகிற பெண்ணுக்கு எவன் தட்டுப் போடுவான்? அவளை மெட்ராஸுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போய் நேராகப் பாடவைத்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. சுற்றியிருந்த பெண்களும் தலையாட்டினார்கள். இந்தக் கடைத்தெரு ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அந்தத் தப்பு எங்கள் வீட்டைக் காப்பாற்றிவிட்டது. அப்பா மூழ்கப் போனவர் கட்டையைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா. அது வேற யாரோ. இவுளுக்குப் பாட்டெல்லாம் வராது."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். முந்தானை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. கண்ணை மூடிக்கொண்டாள்.

குழாய் அப்போது, யார் தடுத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா அந்த அடியிலேயே சேர்ந்துகொண்டாள். மேலே ஒரு குரல், கீழே அதே குரல். முதலில் படியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு மண்டபத்துக்குள் இருந்தவர்கள். குழாயைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதுமாகத் தலைகள் திரும்பித் திரும்பி வந்தன. வீட்டுக்காரம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது இது. குழாயிலிருந்த குரல் இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கிக் கொசு முனகுகிற அளவுக்குப் போய்விட்டது. பாத்திரக் கடைக் குடங்கள் அடங்கிவிட்டன. அம்மா மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். அத்தனை பெரிய மண்டபத்தடியில் அம்மாவின் வெறும் தொண்டை மட்டும். எந்த வழியாக வந்தாய் என்று கேட்டுவிட்டு அவள் வழக்கம்போல நிறுத்தினாள். பதில் சொல்ல வேண்டிய மாமிகள் குழாய்க்குள் இருந்தார்கள், குழாயோ வாயை மூடிக்கொண்டுவிட்டது.

கல்தொட்டிப் பக்கமிருந்து வந்தது பதில்.

வந்தேன் வந்தேன்

ஒரு கீரைக்காரம்மாதான் முதலில். அம்மா அடுத்த அடியைப் பாடியபோது பக்கத்திலிருந்த மீன்காரிகள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த அடிக்குச் சூளைப் பெண்கள், துணி எடுக்க வந்த கிராமத்துப் பெண்கள், ஜவுளிக் கடை வாசலில் பொட்டலத்தோடு நின்றவர்கள். தரையில் குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அந்தப் பாட்டு அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது! நான்கு பக்கமும் தண்ணீர் ஏறி வருகிறதுபோல் அந்தப் பதில் ஏறி வந்தது. நான் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன். விமானத்தில் பறந்திருக்கிறேன், மாமல்லபுரத்துக் கடல் பின்வாங்கித் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நின்றதைப்போல் வாயடைத்து எங்கேயும் நின்றதில்லை.

பாட்டு முடிந்ததும் குழாய் பளிச்சென்று பழைய சத்தத்தோடு பேசியது. இதுவரை நீங்கள் கேட்டது நடவுப் பாடல் என்றது. கூட்டம் ஒன்றும் நடக்காததுபோலப் பேரம் பேசப் போய்விட்டது. அம்மா கண்ணைத் திறந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்காரம்மா எங்களோடு வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா மட்டும் திரும்பினார். நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். ரேடியோக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். அப்பா ஜன்னல் கதவைக் கையால் தடுத்தார். எங்கள் பெயரையும் ஊரையும் காலனியையும் ஊருக்கே கேட்க வைத்துவிட்டு, பாட்டை மட்டும் நிறுத்திவிட்டாயே, எங்கள் ஜனம் பாடினால் உன் ரேடியோ தீட்டாகிவிடுமா என்று கேட்டார். ரேடியோக்காரர் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒங்க சம்சாரத்துக்கு என் வணக்கத்த சொல்லுங்க" என்றார். குத்தலாகச் சொல்கிறான் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா வாசலோடு நின்று, தம்பி மகனுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, பின்கட்டு வேண்டும் என்றார். அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லை. தீபாவளி முடிந்த கையோடு காலி செய்தோம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே ரயில்வே குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. சாமான் வண்டி மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது அப்பா தலை நிமிரவில்லை. அம்மா மடியில் விளக்கை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. பேசாமலே இருந்துவிட முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும். ரேடியோ ரூமைக் கடக்க நேர்ந்தால் அப்பா தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவார். காறித் துப்பியதும் உண்டு. அந்தக் கோபத்தோடேயே அவர் போய்ச் சேர்ந்தார். அம்மா பிறகு பாடவில்லை. அவள் பாட்டைப் பிடித்த டேப்பையும் ரேடியோ நிலையத்தில் வேறு எதையாவது பதிந்து அழித்திருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம்மில் ஒருவர் அவர் அப்பாவின் பழைய வால்வு ரேடியோவைப் பழுதுபார்த்து வீடியோ போட்டிருந்தார், பார்த்தீர்களா? அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார். பச்சைக் கண் மெல்ல விரிகிறது. சத்தம் வரவில்லை. 'பொறுங்க, வால்வு சூடாகணும்' என்கிறார். நாமெல்லோரும் சிரித்துக் கைத்தட்டல் பொம்மை போட்டோம். நானும் போட்டேன். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

அன்றைக்குப் பாட்டு முடிந்த உடனே குழாய் பேசியது. கரண்ட் போய் வந்ததுபோல் யாரும் காத்திருக்கவில்லை. அப்படியானால் அவர் ரேடியோவை நிறுத்தவே இல்லை. ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்திருக்கிறார். பாடுவது யார் என்று அந்த மண்டபத்தடியிலேயே அவருக்கு மட்டும்தான் முன்கூட்டித் தெரியும். அம்மாவின் குரல் தனியாகக் கேட்கட்டும் என்று குமிழைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தியிருக்கிறார். பாட்டு முடியும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். முனிசிபாலிட்டி வேலை போனாலும் போகும் என்று தெரிந்துதான் செய்திருப்பார். அவர் பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு, எனக்கு எதுவும் தெரியாது. நாம் அவருக்கு வைத்த பட்டப் பெயர்தான் தெரியும், அதை இங்கே எழுதக் கூசுகிறது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள், இங்கே மாமல்லபுரத்தில். காது இன்னும் நன்றாகக் கேட்கும். பக்கத்துச் சிற்பப் பட்டறையில் உளி விழுவதை வைத்தே மணி சொல்லிவிடுவாள். அந்த வீடியோவைப் பார்த்த அன்று சாயங்காலம் அவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மண்டபத்தடியில் நீ பாடியபோது ரேடியோக்காரர் குழாயைத் தாழ்த்தினாரே, அது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"கொழாய் பாடிகினுதான இருந்துச்சு? அதும் கூடவேதான நான் பாடுனேன்."

இத்தனை வருஷமும் அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். குழாயின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாடினதாக. பக்கத்தில் இருந்த பத்துப் பேருக்குக் கேட்டிருக்கும், அதற்கே வீடு போயிற்று என்பதாக. இல்லையம்மா, குழாய் அடங்கிவிட்டது, நீ மட்டும்தான் பாடினாய் என்றேன். அவள் நம்பவில்லை.

"அப்ப பதிலுக்குப் பாடுனது எங்க அண்ணிங்க இல்லியா?"

"இல்லம்மா. கீரக்காரங்க, மீன்காரங்க, சூளைக்காரங்க. தொட்டியாண்ட இருந்தவங்க எல்லாரும் எழுந்து நின்னுகினு பாடுனாங்க."

பட்டறையில் உளி நின்றுவிட்டிருந்தது. கடல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நான் பயந்துபோய், ரேடியோக்காரர் சொல்லியனுப்பிய வணக்கத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன். அது வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று பாருங்கள். அம்மா இருந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியாமலே பூட்டாரே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்த வூடு போனா போவட்டும்" என்றாள்.

அன்று படுக்கப் போகும்முன் அவள் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுப்பது கேட்டது. மடை தொறந்து வந்தியா. நான் கதவோரம் நின்றுகொண்டு பதில் சொன்னேன்.

தை பிறந்ததும், டைல்ஸ் போடுவதற்கு முன்னால், நாம் எல்லோரும் ஒருமுறை மண்டபத்தடியில் கூடுவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நான் வருகிறேன். அம்மாவையும் அழைத்து வருகிறேன். குழாயும் ரேடியோ ரூமும் இல்லை, அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்காது. அம்மாவின் தொண்டையும் பழையபடி இல்லை. ஆனாலும் படியில் உட்காரவைத்தால் ஓரடியாவது பாடுவாள் என்றுதான் நினைக்கிறேன். பாடிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். பதில் அடி ஒன்றும் கஷ்டமில்லை. வீட்டுக்காரம்மாவின் மகளே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லோரும் பழகிக்கொண்டு வாருங்கள்.